எண்ணச் சொல்லாதீர்கள், எடுத்துத் தரச் சொல்லுங்கள்

விருந்தாளி வந்தால் மூன்றரை வயதுப் பிள்ளையைக் கூடத்தில் நிறுத்தி, "ஒண்ணு ரெண்டு சொல்லிக் காட்டு பாப்பா" என்று கேட்பது நம் வழக்கம். என் தங்கை மகளும் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருபது வரை மூச்சு விடாமல் சொன்னாள். எல்லோரும் கை தட்டினோம். தட்டி முடித்ததும் நான், "தாத்தாவுக்கு மூணு முறுக்கு எடுத்துட்டுப் போய்க் குடு" என்றேன். டப்பாவுக்குள் கையை விட்டவள், அகப்பட்டதை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் அவர் மடியில் போட்டாள். ஆறோ ஏழோ இருக்கும். தாத்தாவுக்குப் பல் இல்லை என்பது வேறு விஷயம்.

இருபது வரை சொல்லத் தெரிந்தவளுக்கு மூன்று தெரியவில்லை. இதில் குறை ஒன்றுமில்லை, எல்லாப் பிள்ளைகளும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். எண்களின் பெயர்கள் முதலில் பாட்டு மாதிரி வாயில் ஏறிவிடும். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஓர் அளவு இருக்கிறது என்பது பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபடும். ஒன்று முதலில், சில மாதம் கழித்து இரண்டு, இன்னும் சில மாதம் போனால் மூன்று. நான்கு வயதை ஒட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது விளங்குகிறது. அது விளங்கிவிட்டால் ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும்.

நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை. வீட்டில் மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும், சின்ன வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. சாக்பீஸ் மட்டும் வேண்டும்.

எந்தப் படியில் நிற்கிறது?

ஒரு தட்டில் பத்துப் பன்னிரண்டு புளியங்கொட்டை, பக்கத்தில் ஒரு கிண்ணம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் புளியங்கொட்டை, சோழி, மணி எதுவும் வேண்டாம், வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். எலுமிச்சம்பழம், உருளைக்கிழங்கு, கரண்டி இவை போதும்.

"கிண்ணத்துல ஒண்ணு போடு." போட்டதா? எடுத்துவிட்டு, "ரெண்டு போடு." அப்புறம் மூன்று, நான்கு. எந்த எண்ணில் பிள்ளை அள்ளிப் போட ஆரம்பிக்கிறதோ, அதற்கு முந்தைய எண்தான் அது நிற்கும் படி. இரண்டைச் சரியாகப் போட்டு மூன்றில் அள்ளினால், அடுத்த சில வாரங்களுக்கு உங்கள் பாடம் மூன்று மட்டும்தான். நூறு வரை சொல்லிக் கொடுக்கும் வேலையை அதுவரை ஓரமாக வைத்துவிடலாம்.

இதைப் பரீட்சை போலச் செய்யாதீர்கள். கடை வைத்து விளையாடுங்கள். பிள்ளை கடைக்காரர், நீங்கள் வாங்க வந்தவர். ஐந்து கொடுத்தால் "தப்பு" என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக் காட்டிவிட்டு, "அஞ்சு இருக்கே, எனக்கு மூணு போதும்" என்று இரண்டைத் திருப்பிக் கொடுங்கள். கடையில் அப்படித்தானே நடக்கும்?

மூன்று வாரத்துக்கு மூன்றையே தேடலாம். ஆட்டோவுக்கு மூணு சக்கரம். தேங்காய்க்கு மூணு கண். மேலே சுற்றும் ஃபேனுக்கு மூணு இறக்கை. மூன்று இல்லாததையும் இடையிடையே கேளுங்கள்: "சைக்கிளுக்கு மூணா?" பிள்ளை சிரித்துக்கொண்டே இல்லை என்று சொன்னால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்

எண்ணும்போது பிள்ளையின் விரலைப் பாருங்கள். வாயை விட விரல் நிறையச் சொல்லும். சில பிள்ளைகளுக்கு வாய் முந்தும், சிலருக்கு விரல் முந்தும். "ஒன்-பது" என்று சொல்லும்போது ஒரு பெயருக்கு இரண்டு கொட்டையைத் தொட்டுவிடுகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். "பதி-னொண்-ணு" வந்தால் மூன்று. வட்டமாக வைத்திருந்தால் தொடங்கிய இடம் மறந்துபோய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மருந்து எளிது. தொட்டு எண்ணுவதை விட்டுவிட்டு நகர்த்தி எண்ணச் சொல்லுங்கள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு "ஒண்ணு", அடுத்ததைப் போட்டு "ரெண்டு". கை ஒரு பொருளைத் தூக்கிப் போட்டு முடிக்கும் வரை வாய் அடுத்த பெயரைச் சொல்ல முடியாது. எண்ணியதும் எண்ணாததும் தனித்தனி இடத்தில் கிடக்கும்.

எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் பல பிள்ளைகள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கு 'எத்தனை' என்பது 'எண்ணு' என்ற கட்டளையாகத்தான் கேட்கிறது. இதற்கு நாம் பேசும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மொத்தத்தை முதலிலேயே சொல்லிவிட்டு எண்ணுங்கள்: "இங்க பாரு, அஞ்சு கத்தரிக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு கத்தரிக்கா." காய் நறுக்கும்போது இப்படி ஒரு தடவை சொல்ல ஆகும் நேரம் பத்து விநாடி.

விசில் கணக்கு

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. மாடிப்படி, கைதட்டல், கோயில் மணி எல்லாவற்றையும் எண்ணலாம் என்று தெரிய வேண்டும். எனக்குப் பிடித்தது குக்கர் விசில்.

தங்கை வீட்டில் பருப்புக்கு நாலு விசில். "நாலு விசில் வந்ததும் சொல்லு" என்று என் தங்கை மகளை உட்கார வைத்தோம். முதல் விசில் வந்தது, "ஒண்ணு" என்றாள். அடுத்தது வருவதற்குள் ஒரு காக்கா வந்துவிட்டது. அடுத்த விசிலுக்கும் "ஒண்ணு". விசில் வந்து போய்விடுகிறதே, திரும்பிப் பார்த்தால் எதுவும் இல்லை. அடுத்த நாள் ஒரு கிண்ணத்தில் நிலக்கடலை கொடுத்து, ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு கடலையைத் தரையில் வைக்கச் சொன்னேன். இப்போது காக்கா வந்தாலும் கவலையில்லை, கணக்கு தரையில் இருக்கிறது. மூன்றாவது கடலையைத் தின்றுவிட்டாள். அன்றைக்குப் பருப்பு குழைந்துவிட்டது.

அதற்கப்புறம் கடலைக்குப் பதில் சாக்பீஸ். ஒரு விசிலுக்கு ஒரு கோடு. கோட்டைத் தின்ன முடியாது. நாலு கோடு சேர்ந்ததும் அதற்குக் கீழே நான் 4 என்று எழுதினேன். "இது என்ன?" என்றாள். "நாலு கோடு போடறதுக்குப் பதிலா இதை ஒண்ணு போட்டாப் போதும்" என்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சோம்பேறி" என்றாள். எண்ணுரு எதற்கு என்று இதைவிடச் சரியாக நான் சொன்னதில்லை.

பொருள், அதற்குப் பதில் கோடு, கோட்டுக்குப் பதில் எண்ணுரு. இந்த மூன்று படியையும் நிதானமாக ஏற வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன். எழுத்தில் மட்டும் தொடங்கினால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. விளையாட்டிலேயே நின்றுவிட்டாலும் பள்ளிக் கணக்குக்கு உதவாது. இரண்டாவது ஆபத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர், டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் உள்ள முன்பருவப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கணித விளையாட்டு விளையாட வைத்துப் பார்த்தார்கள். அளவை உணர்வதிலும் வடிவங்களை ஒப்பிடுவதிலும் அந்தப் பிள்ளைகள் முன்னேறினார்கள், ஓராண்டுக்குப் பிறகும் அது நிலைத்தது. ஆனால் ஒன்றாம் வகுப்பில் எண்ணுரு, கூட்டல் என்று வந்தபோது அந்த முன்னேற்றம் கைகொடுக்கவில்லை.

2025-இல் வெளியான இன்னொரு ஆய்வு இதன் மறுபக்கம். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் பார்க்கும் சிறுவர்கள் காய்கறி விலையை மனக்கணக்காகவே கூட்டி, மீதிச் சில்லறையையும் சரியாகக் கொடுக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் வரும் எளிய கழித்தலைத் தாளில் கொடுத்தால் திணறுகிறார்கள். பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளோ தாளில் போடுகிறார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். கைக்கணக்கும் நோட்டுக்கணக்கும் தாமாகச் சேர்வதில்லை. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்து வைக்க வேண்டும்.

பார்த்தவுடன் நாலு

மூன்று பொருள் வரைக்கும், பழகினால் நான்கு வரைக்கும், எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியும். பெரியவர்களும் அப்படித்தான் செய்கிறோம். இந்தப் பார்வையைப் பழக்கப் பல்லாங்குழியை மிஞ்சியது இல்லை. குழி பதினான்கு, ஆளுக்கு ஏழு. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வரும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', சொந்தக்காரர் உடனே எடுத்துக்கொள்ளலாம். பசுவை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் ஆட்டம் ஓடிவிடும், கண்ணால் பிடிக்க வேண்டும். பாட்டிகள் சொல்லிக் கொடுத்த பாடம் இது, அவர்கள் பாடம் என்று நினைக்காவிட்டாலும். முழு ஆட்டம் ஐந்து வயதுக்கு மேல்தான் பிடிபடும். அதற்கு முன்னால், கொட்டையைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவதே நல்ல பயிற்சி.

இன்னொரு விளையாட்டு, கையில் ஐந்து கொட்டை. எண்ணிக் காட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் இரண்டு கையிலும் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் திறந்து காட்டுங்கள். "இதுல மூணு. மூடின கையில?" முதலில் ஊகிக்கும், பிறகு விரலை மடக்கிப் பார்க்கும், சில வாரத்தில் யோசிக்காமல் "ரெண்டு" என்று சொல்லும். ஐந்து பழகியபின் ஆறு, ஏழு என்று ஏறி, பத்தில் நிறைய நாள் நில்லுங்கள். பத்தை ஆறும் நாலுமாக, ஏழும் மூணுமாக உடைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னால் வரும் கூட்டல் கழித்தல் பாதி சுலபம். விளையாடி முடித்ததும் ஒரு தாளில் 3 + 2 = 5 என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்த நாள் 5 = 4 + 1 என்று திருப்பியும் எழுதுங்கள். சமக்குறி என்றால் 'இதற்கப்புறம் விடை எழுது' என்று நினைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பு வரை போகிற பிள்ளைகள் உண்டு. தராசின் இரண்டு தட்டும் சமம் என்ற பொருள் அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

கைப்பிடி கொட்டையை மூடிக்கொண்டு "ஒத்தையா ரெட்டையா?" கேட்பதும் பழைய ஆட்டம்தான். ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தால் ஒன்று மிஞ்சுகிறதா என்பதுதான் விஷயம். அந்தச் சொற்களை நான்கு வயதிலேயே கொடுத்துவிடலாம்.

டம்ளரும் டபராவும்

காப்பியை டம்ளரிலிருந்து டபராவுக்கு ஊற்றிவிட்டு, "இப்ப காப்பி கூடிடுச்சா, குறைஞ்சிடுச்சா, அதே அளவா?" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறைந்துவிட்டது என்றே சொல்லும், ஏனென்றால் டபராவில் மட்டம் தாழ்வு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஷான் பியாஜே உயரமான கண்ணாடிக் குவளையை வைத்துச் செய்து காட்டியதும் இதுதான். ஒரே எண்ணிக்கையிலான கொட்டைகளை இரண்டு வரிசையாக வைத்து, ஒன்றை மட்டும் பரப்பி வைத்தாலும் "இதுலதான் நிறைய" என்று நீளமான வரிசையைக் காட்டும்.

இதைப் பார்த்ததும் திருத்தக் கிளம்பாதீர்கள். விளக்கிச் சொன்னால் தலையாட்டும், மறுநாள் பழையபடி சொல்லும். குளிக்கும்போது தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி விளையாட விடுங்கள். கொஞ்சம் வெள்ளமாகும்.

தரையில் ஒரு கோடு

திண்ணையிலோ மொட்டை மாடியிலோ சாக்பீஸால் ஒரே நேர்க்கோட்டில் பத்துக் கட்டம் போட்டு, 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒன்று, இரண்டு மட்டும் விழும்படி ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள், தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் இரண்டு. விழுந்த அளவுக்குக் குதித்துப் போக வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்ளரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளை இப்படி 1 முதல் 10 வரை எழுதிய நேர்க்கோட்டுப் பலகையில் விளையாட வைத்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூட. எண்களை ஒப்பிடுவதிலும் எண்ணுருவை அடையாளம் காண்பதிலும் பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் வெறும் நிறம் தீட்டிய பலகையில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாலாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று குதிக்கும். "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்லிக்கொண்டே குதிக்க வைக்க வேண்டும். அப்போதுதான் நாலோடு இரண்டு சேர்ந்தால் ஆறு என்பது காலுக்கும் கண்ணுக்கும் ஒரே சமயத்தில் தெரியும். பரமபதத்துக்கும் இதே விதி. ஆனால் பரமபதக் கட்டம் ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்த வரி வலமிருந்து இடம் என்று வளைந்து போவதால் சின்னவர்கள் திசை தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். அதை ஆறு வயதுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துக் கட்டு

சின்ன வகுப்புக் கணக்கில் பெரிய மலை எது என்று கேட்டால், இடமதிப்பு என்பேன். 23-இல் உள்ள 2 இரண்டைக் குறிக்கவில்லை, இருபதைக் குறிக்கிறது. நமக்குப் பழகிப்போனதால் இது எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு என்று தெரிவதில்லை.

இங்கே நம் மொழி கை கொடுக்கிறது. இருபத்து மூன்று என்றால் இரு-பத்து, மூன்று. பெயரிலேயே கட்டும் உதிரியும் இருக்கிறது. பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும், எழுதும் வரிசையிலேயே. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்பதைக் கேட்டு எந்தக் குழந்தைக்கும் பத்து ஞாபகம் வராது. தர்ட்டீனில் மூன்று முன்னால் கேட்பதால் 13-ஐ 31 என்று எழுதிவிடும். அதனால் ஆங்கில வழியில் படித்தாலும் வீட்டில் எண்ணைத் தமிழில் சொல்லிப் பழக்குங்கள், ஆங்கிலப் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். நம் மொழியிலும் ஒரு குழி உண்டு, தொண்ணூறு. எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டால் "எண்பத்துப் பத்து" என்றும் "ஒன்பது பத்து" என்றும் பிள்ளைகள் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கும், விதியைப் பிடித்துக்கொண்டுதானே தவறுகிறார்கள்?

சரி, வேலைக்கு வருவோம். நூறு ஈர்க்குச்சியை ஒரே நீளத்துக்கு ஒடித்து வையுங்கள். புது விளக்குமாற்றில் கை வைத்தால் வீட்டில் திட்டு விழும், பழையதைக் கழுவிக் காயவைக்கலாம். ஐஸ் குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது, குத்தாது. பத்து ரப்பர் பேண்ட் வேண்டும்.

முதல் வாரம் கட்டுவது மட்டும்தான் வேலை. ஒரு கைப்பிடி அள்ளி, பத்து பத்தாக எண்ணி, பிள்ளையே ரப்பர் போட வேண்டும். நாம் கட்டிக் கொடுத்தால் அது வெறும் கட்டு, அதற்குள் பத்து இருப்பது அதன் கைக்குத் தெரியாது. மூன்று கட்டு, நான்கு உதிரி. "முப்பத்து நாலு." ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, கட்டுக்குக் கீழே 3, உதிரிக்குக் கீழே 4. கட்டே இல்லாமல் உதிரி மட்டும் இருந்தால்? உதிரியே இல்லாமல் கட்டு மட்டும் இருந்தால்? அங்கேதான் பூஜ்யத்துக்கு வேலை. 30-இல் உள்ள பூஜ்யம் 'இங்கே உதிரி எதுவும் இல்லை' என்று சொல்லும் காவல்காரன்.

இரண்டாம் வகுப்பில் 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். 2-இலிருந்து 7 போகாது, அதனால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுவார்கள். நாம் உடனே "பக்கத்து வீட்டுல கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுப்போம். ஒரு வருடம் என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான், "கடன் வாங்கினா எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

குச்சியில் செய்து பாருங்கள். நாலு கட்டு, இரண்டு உதிரி. ஏழு உதிரி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரிக்கிறோம். ரப்பர் பேண்டைக் கழற்றும் அந்தக் கணம் முக்கியம், பிள்ளையின் கையாலேயே நடக்கட்டும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதே நாற்பத்திரண்டுதான். இதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இதே நேரத்தில் தாளில் 4-ஐ அடித்து 3 என்றும், 2-க்கு மேலே 12 என்றும் எழுதுங்கள். அப்புறம் ஏழு உதிரியை எடு, ஐந்து மீதி, தாளில் 5. ஒரு கட்டை எடு, இரண்டு மீதி, தாளில் 2. விடை 25.

ஒவ்வொரு அசைவுக்கும் தாளில் ஒரு குறி விழ வேண்டும். முழுவதையும் குச்சியில் செய்துவிட்டு, மூட்டை கட்டிவிட்டு, பிறகு கரும்பலகையில் 'இப்போது கணக்கு போடலாம்' என்று ஆரம்பித்தால், பிள்ளைக்கு அது வேறு பாடம். நான் முதல் சில வருடம் அந்தத் தவறைத்தான் செய்தேன்.

இந்த யோசனை புதிதில்லை. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் தங்க நிற மணிகள் உண்டு: தனி மணி ஒன்று, கம்பியில் கோத்த பத்து, பத்துக் கம்பி சேர்ந்த நூறு, நூறுகளை அடுக்கிய ஆயிரக் கனசதுரம். அந்தப் பெட்டி இப்போது நல்ல விலை. ஈர்க்குச்சி போதும்.

பத்து ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்து இடமதிப்பு சொல்லித் தரலாமா என்று கேட்பார்கள். குச்சிக்கு அப்புறம் தரலாம். தாளைப் பிரித்தால் பத்து நாணயம் வராதே.

பெரிய பாதி

பின்னம் நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. கால் கிலோ, அரை லிட்டர், முக்கால் மணி நேரம். எதையாவது ஏறத்தாழ முடித்துவிட்டால் 'முக்காலே மூணு வீசம்' என்கிறோம். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு, ஆகவே முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து. முழுசுக்கு ஒரு வீசம் குறைவு, அவ்வளவு துல்லியம்.

பிள்ளைக்கு 'பாதி' என்றால் 'ஒரு துண்டு' என்றுதான் முதலில் அர்த்தம். அதனால்தான் "எனக்குப் பெரிய பாதி" என்று கேட்கிறது. தோசையை ஒருவர் வெட்டுவது, மற்றவர் முதலில் எடுப்பது என்று ஒரு விதி வைத்துவிடுங்கள். வெட்டுகிற பிள்ளை எவ்வளவு கவனமாக வெட்டும் என்று பாருங்கள்.

கோலமும் பூவும்

வாசலில் 5-இலிருந்து 3 வரை இடுக்குப்புள்ளி வைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 3, 4, 5, 4, 3. மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணலாம், அல்லது இரண்டு மூன்று ஆறு, இரண்டு நாலு எட்டு, அதோடு ஐந்து என்று சேர்க்கலாம். பத்தொன்பது. ஒரே விடைக்கு இரண்டு வழி இருப்பது சின்ன வயதிலேயே தெரிவது நல்லது. பூக் கட்டும்போது இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம், இரண்டு மல்லி... அடுத்து என்ன? முக்கோணத்தைச் சாய்த்தும் தலைகீழாகவும் வரைந்து காட்டுங்கள். கூரை மாதிரி நேராக நின்றால்தான் முக்கோணம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வகுப்பறையில்

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். ஒரே வகுப்பில் மூன்று எடுத்துத் தரத் தெரியாத பிள்ளையும் நூறு தாண்டிய பிள்ளையும் இருப்பார்கள் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, முதல் வாரம் யாருக்கும் எதுவும் நடத்தாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, கிண்ணத்தில் போடச் சொல்லி, எந்த எண்ணில் அள்ளுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அந்த நேரம் களிமண்ணோ குச்சியோ கொடுங்கள். சத்தம் வரும், வரட்டும்.

விடை சரியாக இருந்தாலும் "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்பது நல்ல பழக்கம். தப்பாக இருக்கும்போது மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்ததுமே பிள்ளை விடையை மாற்றிவிடும்.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். மேசைக்கு அடியில் மறைத்து எண்ணுவார்கள், அவ்வளவுதான் நடக்கும். வாய்ப்பாட்டுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு இட்லி எடுத்து வைத்துப் பார்த்த பிள்ளை "நாலிரண்டு எட்டு" என்று பாடுவதும், பார்க்காத பிள்ளை பாடுவதும் வேறு வேறு.

வீட்டில் ஒன்று மட்டும் வேண்டாம்

"எனக்கும் கணக்கு வராது, இவனுக்கும் வரலை" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தால், ஒன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் குறைவாகவே கற்கிறார்கள் என்று 2015-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உங்களுக்கு நோட்டைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது என்றால் நோட்டை ஆசிரியரிடம் விட்டுவிட்டு, விசிலையும் இட்லியையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எல்கேஜியிலேயே 1 முதல் 100 வரை தினம் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. என் தங்கை மகளுக்கும் அப்படி ஒரு பள்ளி வாய்த்தது. கை வலிக்கிறது என்று அழுவாள். ஆசிரியையிடம் பேசி அதைப் பத்து எண்ணாகக் குறைத்தோம். கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

ஆறு வயது முடிந்தும் ஐந்து பொருளைச் சரியாக எடுத்துத் தர முடியவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பலகை தெரியாத பிள்ளைக்கும் 'ஏழு' என்பது 'எட்டு' என்று கேட்கிற பிள்ளைக்கும் கணக்கு வராததில் ஆச்சரியமில்லை. இரண்டும் சரியாக இருந்தால் கிண்ணத்தையும் கொட்டையையும் எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள், மூன்று மாதம் தினமும் பத்து நிமிடம். அதற்கப்புறமும் நகரவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், எழுத்தில் வருவது போலவே எண்ணிலும் கற்றல் குறைபாடு உண்டு. கிண்ணத்தில் எந்த எண் வரை சரியாகப் போட்டது, எந்த எண்ணில் அள்ளியது என்று தேதியோடு எழுதி வைத்திருந்தால் அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள், அவருக்கு உதவும்.